செல்லின் நான்-கோடிங் ஆர்.என்.ஏ. வைரஸ் தொற்றை மாற்றுகிறதா? சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வைத்தான் நான்-கோடிங் ஆர்.என்.ஏ. என்கிறோம். அதில் மிகக் குட்டையான ஒரு வகை மைக்ரோ ஆர்.என்.ஏ., நீளமானது நீள் ஆர்.என்.ஏ. வடசென்னைப் பக்கம் ஆய்வகங்களுக்கு ப்ராஜெக்ட் செய்ய வரும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. வைரஸில் ஒட்டும் என்று கம்ப்யூட்டரில் கணிப்புப் பட்டியல் எடுக்கிறார்கள், மேலே இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு மிமிக் (செயற்கை நகல்) ஆர்டர் போடுகிறார்கள், அப்புறம்தான் எந்த செல், எந்த வைரஸ் என்று யோசிக்கிறார்கள். வரிசை தலைகீழ். செல்லும் வைரஸும் கன்ட்ரோலும் (ஒப்பிட்டுப் பார்க்கும் சாம்பிள்) நிலையாக நின்ற பிறகுதான் ஆர்.என்.ஏ. மேல் கை வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு டெங்கு வைரஸை எடுத்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில் தெரியாதவர் இல்லாத காய்ச்சல் என்பதால் மாணவர்கள் அதிகம் கேட்பதும் இதைத்தான். செல் வளர்க்கவும் பி.சி.ஆர். செய்யவும் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. கேள்வியை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்

தொற்றினால் இந்த ஆர்.என்.ஏ.வின் அளவு மாறுகிறதா என்பது ஒரு கேள்வி. அதன் அளவை நாம் மாற்றினால் தொற்று மாறுகிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததுமே இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். வைரஸ் நுழைந்ததும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதம் கிளம்பும், அதன் பின்னால் நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஏறி இறங்கும். கூடவே ஏறிய ஆர்.என்.ஏ.க்களில் பலவற்றுக்குத் தொற்றில் எந்தப் பங்கும் இருக்காது.

அடுத்து, உங்கள் ஆர்.என்.ஏ. எந்த வழியில் வேலை செய்யக்கூடும் என்று ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றாக இருக்கும்.

வைரஸின் ஆர்.என்.ஏ.விலேயே போய் ஒட்டலாம். ஈரல் செல்லின் மிர்-122, ஹெபடைட்டிஸ் சி வைரஸின் 5' முனையில் (தொடக்க முனையில்) இரண்டு இடங்களில் ஒட்டுகிறது. எக்ஸ்.ஆர்.என்.1 போன்ற நொதிகள் அந்த முனையை அரிக்காமல் காக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றாலே இலக்கை அடக்கும் என்று நினைப்போம், இங்கே வைரஸுக்கு லாபம். 2005-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புதான் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பது.

செல்லின் சொந்த ஜீன்களை அடக்கி, அதன் வழியாக வைரஸுக்கு உதவவோ இடைஞ்சல் தரவோ செய்யலாம். மிர்-146ஏ, டி.ஆர்.ஏ.எஃப்.6 என்ற புரதத்தைக் குறைக்கிறது. இன்டர்ஃபெரான் தளர்கிறது, டெங்கு பெருகுகிறது.

மூன்றாவது, புரதங்களைப் பிடித்து வைப்பது. 7எஸ்.கே. ஆர்.என்.ஏ., பி-டெஃப்பி என்ற புரதக் கூட்டை முடக்கி வைத்திருக்கும். எச்.ஐ.வி.யின் டாட் புரதம் அதைப் பிரித்தெடுத்துத் தன் வேலைக்கு ஓட்டிக்கொள்கிறது. நீட்1 என்ற நீள் ஆர்.என்.ஏ.வும் எஸ்.எஃப்.பி.க்யூ. புரதத்தைத் தன் பக்கம் இழுத்து, இன்டர்லூகின்-8 என்ற அழற்சிப் புரதத்தின் ஜீன் எழ வழி விடுகிறது.

எந்த வழி என்று முதலிலேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செல் தேர்வும் கடைசியில் காட்ட வேண்டிய ஆதாரமும் இதைப் பொறுத்து மாறும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதி முதலில். டெங்குவுக்கு இரண்டாம் நிலை பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும். நோயாளியின் சீரத்தைத் தொடுவதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தனியாக வேண்டும். இரண்டுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். மிமிக் வந்த பிறகு விண்ணப்பித்தால் அது ஃப்ரீஸரில் காத்துக் கிடக்கும்.

மைக்கோபிளாஸ்மா சோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். அந்தக் கிருமி ஒட்டிய செல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதன் நோயெதிர்ப்பு ஜீன்கள் ஏற்கெனவே விழித்திருக்கும். அப்புறம் வைரஸ் எழுப்பியது எது, மைக்கோபிளாஸ்மா எழுப்பியது எது என்று பிரிக்க முடியாது.

மைனஸ் 80 ஃப்ரீஸருக்கும் இன்குபேட்டருக்கும் ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று நேரில் பாருங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். உலர் பனிக்கட்டியில் வரும் பார்சலைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் பெட்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத்தில் ஐஸ் தீர்ந்துவிட்டால் காசிமேட்டிலிருந்து பார் ஐஸ் வாங்கி நொறுக்கிப் போடுகிறார்கள். டியூபைச் சுற்றிக் குளிர் தர அது போதும். ஆனால் சீக்கிரம் உருகி டியூப் மூடி வரை தண்ணீர் ஏறும். ஆர்.என்.ஏ. டியூபை நேராக அதில் சொருகாமல் ராக்கில் வைத்து இறக்குங்கள்.

சாம்பிள் நேரங்களையும் இப்போதே திட்டமிடுங்கள். 24, 48, 72 மணி என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். நவம்பர் மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் 48-ஆவது மணிக்கு யார் வந்து சாம்பிள் எடுப்பார்? ஆய்வகத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிற ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. செல்லைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே தவறினால் பின்னால் எதுவும் காப்பாற்றாது. வீரோ செல் எல்லா ஆய்வகத்திலும் இருக்கும், டெங்கு அதில் நன்றாக வளரும். அதனாலேயே பலரும் அதில் தொடங்குகிறார்கள். ஆனால் வீரோவில் முதல் வகை இன்டர்ஃபெரான் ஜீன்களே இல்லை. உங்கள் ஆர்.என்.ஏ. இன்டர்ஃபெரானைத் தூண்டி வைரஸை அடக்குவதாக இருந்தால், வீரோவில் அந்த விளைவு தெரியவே தெரியாது. போதாக்குறைக்கு அது குரங்குச் செல். மனித நீள் ஆர்.என்.ஏ.க்கள் பலவற்றுக்கு இணையான வரிசை அதில் அப்படியே இருக்காது, மனிதனுக்காக வடிவமைத்த பிரைமரும் ஒலிகோவும் (ஆர்.என்.ஏ.வைக் குறிவைக்கும் செயற்கைத் துண்டு) பிடிக்காமல் போகலாம். வீரோ, ஹாம்ஸ்டர் செல்லான பி.எச்.கே.-21 ஆகியவற்றை வைரஸ் எண்ணுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரல் செல்களிலும் வேறுபாடு உண்டு. எச்.யு.எச்.-7 செல்லில் மிர்-122 ஏராளம், ஹெப்-ஜி2 செல்லில் மிகக் குறைவு. இரண்டும் ஈரல் செல்தானே என்று மாற்றிப் போட்டால் விடையும் மாறிவிடும். எச்.யு.எச்.-7.5 என்ற கிளை செல்லில் ஆர்.ஐ.ஜி.-ஐ என்ற வைரஸ் உணரி பழுதானது. வைரஸ் அதில் செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்டர்ஃபெரான் பாதை ஒழுங்காக இருக்கும் செல் வேண்டுமென்றால் ஏ549 நல்ல தேர்வு.

என் யோசனை: இன்டர்ஃபெரான் சரியாக இயங்கும் ஒரு செல், இயங்காத ஒரு செல், இரண்டிலும் ஒரே சோதனையைச் செய்யுங்கள். விளைவு முதலாவதில் மட்டும் வந்தால் பாதை எதுவென்று பாதி விடை கிடைத்த மாதிரி.

பாசேஜ் எண்ணை (செல்லை எத்தனை முறை பிரித்து வளர்த்தோம் என்பதை) குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு நண்பரிடம் வாங்கிய, எண் தெரியாத செல்லில் வேலையைத் தொடங்காதீர்கள்.

4. வைரஸ் ஸ்டாக்கும் எம்.ஓ.ஐ.யும்

சி6/36 கொசுச் செல்லில் 28 டிகிரியில் வளர்த்த டெங்கு ஸ்டாக்கைச் சிறு டியூப்களில் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரு டியூப், ஒரு சோதனை. உருக்கி மறுபடி உறைய வைத்தால் உயிருள்ள வைரஸ் எண்ணிக்கை விழும். அப்போது போன வாரத்து எம்.ஓ.ஐ. (ஒரு செல்லுக்கு எத்தனை வைரஸ் என்ற விகிதம்) 1 இந்த வாரம் 1 ஆக இருக்காது.

எம்.ஓ.ஐ. என்பது சராசரிதான். ஒரு செல்லுக்கு ஒரு வைரஸ் என்று ஊற்றினாலும் சுமார் 37 சதவீத செல்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. 3 ஊற்றினால் தப்பிப்பது 5 சதவீதம். 0.1 ஊற்றினால் சுமார் 90 சதவீதம் தொற்றாமல் இருக்கும். செல்லுக்குள் ஆர்.என்.ஏ. அளவு மாறுவதைப் பார்க்க அதிக எம்.ஓ.ஐ. வேண்டும். இல்லையென்றால் தொற்றாத செல்களின் ஆர்.என்.ஏ. கலந்து மாற்றம் மங்கிவிடும். வைரஸ் பல சுற்று பரவுவதில் உள்ள வேறுபாட்டைப் பார்க்கக் குறைந்த எம்.ஓ.ஐ. வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவதுதான் வழக்கமான தவறு.

கன்ட்ரோலுக்கு வெறும் மீடியம் ஊற்றுவது போதாது. தொற்றாத கொசுச் செல்லின் மேல் திரவத்தை அதே அளவு ஊற்றுங்கள். ஸ்டாக்கில் வைரஸோடு கொசுச் செல்லின் கழிவும் சேர்ந்துதான் இருக்கிறது, அதுவும் செல்லை உசுப்பும். புற ஊதா ஒளியில் செயலிழக்க வைத்த வைரஸை இன்னொரு கன்ட்ரோலாக வைத்தால், வைரஸ் பெருகியதால் வந்த மாற்றம் எது, வெறுமனே வந்து ஒட்டியதால் வந்தது எது என்று பிரிக்கலாம்.

5. இப்போது ஆர்.என்.ஏ.வைத் தேர்ந்தெடுங்கள்

கணிப்பு மென்பொருள் எந்த வைரஸைக் கொடுத்தாலும் நீளமான பட்டியல் தரும். டெங்குவின் மரபு இழை ஏறக்குறைய 10,700 எழுத்து நீளம். அதில் ஏழெட்டு எழுத்துப் பொருத்தம் தற்செயலாகவே பல இடங்களில் விழும். பட்டியலை வடிகட்ட நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் தேர்ந்த செல்லில் அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. போதுமான அளவு இருக்கிறதா?

ஒரு தண்ணி லாரிக்கு முன்னால் தெருவே குடத்தோடு நிற்கிற கதைதான். செல்லுக்குச் சில பிரதிகளே உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ., ஆயிரக்கணக்கில் குவியும் வைரஸ் இழைகளையும் தன் வழக்கமான இலக்குகளையும் சேர்த்துச் சமாளிக்காது. மிர்-122-க்கு ஈரல் செல்லில் அந்தக் குறை இல்லை, அத்தனை பிரதிகள்.

நீள் ஆர்.என்.ஏ. என்றால் அது செல்லின் கருவுக்குள் (நியூக்ளியஸ்) இருக்கிறதா சைட்டோபிளாசத்தில் இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். பிரிப்பு சரியாக நடந்ததா என்று பார்க்க, கருவுக்கு அடையாளம் யு6 ஆர்.என்.ஏ., வெளிக்கு ஜி.ஏ.பி.டி.எச். எம்.ஆர்.என்.ஏ. டெங்கு பெருகுவது சைட்டோபிளாசத்தில். கருவைத் தாண்டாத ஆர்.என்.ஏ. வைரஸ் இழையில் நேரடியாக ஒட்டுகிறது என்று எழுத முடியாது.

6. ஆர்.என்.ஏ. எடுத்தலும் சி-டி.என்.ஏ. செய்தலும்

பி.சி.ஆர். செய்ய ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ. நகலாக (சி-டி.என்.ஏ.) மாற்ற வேண்டும். அதிகம் பேர் விழும் குழி இது. ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம். (சி.டி. என்பது பி.சி.ஆரில் சிக்னல் தெரியும் சுற்று எண். அது கூடினால் ஆர்.என்.ஏ. குறைவு.)

"அக்கா, செல்லெல்லாம் செத்துக் கெடக்குது, டெங்கு சி.டி. மட்டும் 35 காட்டுது. கிட் போச்சா?"

"கிட்டை விடும்மா. சி-டி.என்.ஏ.வுக்கு என்ன பிரைமர் போட்ட?"

"ஒலிகோ டி.டி."

விஷயம் அங்கேதான். டெங்கு ஆர்.என்.ஏ.வுக்கு ஏ-வால் (முடிவில் வரும் ஏ எழுத்துகளின் தொடர்) கிடையாது. ஒலிகோ டி.டி. பிடிக்க வால் இல்லாததால் சி-டி.என்.ஏ. ஒழுங்காக உருவாகாது. நடுவில் ஏ அதிகமுள்ள இடங்களில் தற்செயலாக ஒட்டியது மட்டும் தாமதமாகக் கண்ணில் படும். ரேண்டம் ஹெக்ஸாமரோ டெங்குவுக்கான தனி பிரைமரோ போடுங்கள். சிக்குன்குனியா ஆர்.என்.ஏ.வுக்கு வால் உண்டு. அதில் வேலை செய்த நெறிமுறையை அப்படியே டெங்குவுக்கு எடுத்து வருவதால்தான் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

செல்லின் ஆர்.என்.ஏ.க்களிலும் வால் இல்லாதவை உண்டு. நீட்1-க்கு இரண்டு வடிவங்கள். குட்டையானதுக்கு வால் உண்டு, சுமார் 23,000 எழுத்து நீளமுள்ளதுக்கு இல்லை. பாராஸ்பெக்கிள் எனும், கருவுக்குள் இருக்கும் சிறு துகள்கள் உருவாக நீளமானதுதான் அவசியம். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குவதால், முன்பகுதியில் பிரைமர் வைத்தால் இரண்டையும் சேர்த்தே அளப்பீர்கள். நீளமானதுக்கு மட்டும் தனி பிரைமர் வையுங்கள். இன்னொன்று: அந்த நீள வடிவம் புரதப் பிடிக்குள் இருப்பதால், ஆர்.என்.ஏ. பிரிக்கும் திரவமான டிரைசாலின் வழக்கமான முறையில் முழுதாக வெளியே வராது. டிரைசாலில் கரைத்ததை 55 டிகிரியில் சூடுபடுத்தினாலோ மெல்லிய ஊசி வழியாகப் பலமுறை இழுத்து விட்டாலோ கூடுதலாக வரும். இதைச் செய்யாமல், தொற்றில் நீட்1 ஏறியது என்று சொன்னால், ஏறியது அளவா, வெளியே வந்த பங்கா என்று தெரியாது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு சுமார் 22 எழுத்துதான் நீளம். சாதாரண காலம் கிட்டில் 200 எழுத்துக்குக் குறைந்தவை பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். சிறு ஆர்.என்.ஏ.வைத் தக்கவைக்கும் கிட் வாங்குங்கள், எத்தனால் அளவை அதன் குறிப்பில் உள்ளபடியே சேருங்கள். சி-டி.என்.ஏ.வுக்கு ஸ்டெம்-லூப் பிரைமரோ ஏ-வால் ஒட்டும் முறையோ வேண்டும்.

நீள் ஆர்.என்.ஏ.க்களில் பல ஒரே எக்ஸான் கொண்டவை, நடுவில் வெட்டி நீக்கும் பகுதி இல்லை. டி.என்.ஏ. கலப்பு இருந்தால் பிரைமருக்கு வித்தியாசம் தெரியாது. டி.என்.ஏ.வை அழிக்கும் டி.என்.ஏஸ் நொதியைப் போடுங்கள், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு டியூபையும் கட்டாயம் ஓட்டுங்கள்.

ஒப்பீட்டு ஜீன் தொற்றில் மாறாமல் இருக்கிறதா என்று உங்கள் செல்லில், உங்கள் நேரங்களில் சோதியுங்கள். செல்கள் சாகத் தொடங்கும் 72-ஆவது மணியில் பழக்கமான ஜீன்களும் தள்ளாடும்.

பாதுகாப்புக்கு ஒன்று: டிரைசால் கழிவில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றாதீர்கள். டிரைசாலில் உள்ள குவானிடினோடு அது சேர்ந்தால் நச்சு வாயு வரும். வைரஸ் கழிவுக்கு ஹைப்போ (அதே பிளீச்சிங் திரவம்) ஊற்றிப் பழகிய கை தானாக அங்கேயும் போகும். இரண்டு கழிவுக்கும் வேறு நிறப் பாட்டில் வைத்துவிடுங்கள்.

7. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் கூட்ட மிமிக், குறைக்க இன்ஹிபிட்டர். இரண்டையும் செய்யுங்கள். மிமிக் போட்டால் செல்லில் இயல்பாக இருப்பதைவிடப் பல மடங்கு அளவு ஏறும், அந்த வெள்ளத்தில் வராத இலக்கெல்லாம் வரும். இயல்பான அளவைக் குறைத்து, விளைவு எதிர்த்திசையில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் நம்பத்தக்க ஆதாரம். 10 முதல் 50 நானோமோலார் வரை ஒரு வரிசை போட்டு, வேலை செய்யும் மிகக் குறைந்த அளவில் நில்லுங்கள்.

கருவுக்குள் இருக்கும் நீள் ஆர்.என்.ஏ.வுக்கு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ. (இலக்கு ஆர்.என்.ஏ.வை வெட்டவைக்கும் சிறு இரட்டை இழை) அவ்வளவாகப் பிடிக்காது. கருவிலேயே ஆர்.என்.ஏஸ் எச்-ஐ அழைத்து வெட்டவைக்கும் கேப்மர் ஒலிகோ சரி வரும். ஜீனை வெட்டும் கருவியான கிரிஸ்பரில் ஓரிரு எழுத்தைக் கலைத்துவிட்டு ஜீனை நிறுத்திவிட்டதாக நினைக்காதீர்கள். புரதம் செய்யாத ஜீனில் மூன்று மூன்றாக வாசிக்கும் சட்டகமே கிடையாது, ஓரிரு எழுத்து போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தொடக்கப் பகுதியையே அடைக்கும் முறையைப் பயன்படுத்துங்கள். பக்கத்து ஜீனும் சேர்ந்து அடங்கிவிட்டதா என்றும் பாருங்கள்.

ஒரே ஆர்.என்.ஏ.வின் வேறு வேறு இடங்களைத் தாக்கும் குறைந்தது இரண்டு ஒலிகோக்கள் வேண்டும். ஒன்றில் மட்டும் விளைவு வந்தால் அது அந்த ஒலிகோவின் சொந்தக் குணமாக இருக்கலாம்.

டிரான்ஸ்ஃபெக்‌ஷனே (ஒலிகோவைச் செல்லுக்குள் செலுத்துவதே) செல்லை உசுப்பிவிடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை செல் சில சமயம் வைரஸ் என்றே எடுத்துக்கொண்டு இன்டர்ஃபெரானைக் கிளப்பும். அப்போது எந்த மிமிக் போட்டாலும் வைரஸ் குறையும். வைரஸ் ஊற்றுவதற்கு முன், டிரான்ஸ்ஃபெக்ட் செய்த செல்லில் இன்டர்ஃபெரான் எழுப்பும் ஜீன்களான ஐ.எஃப்.ஐ.டி.1 அல்லது ஐ.எஸ்.ஜி.15 ஏறியிருக்கிறதா என்று ஒரு வெல்லை (பிளேட்டின் ஒரு குழியை)ப் பலி கொடுத்துப் பாருங்கள். சம்பந்தமில்லாத வரிசை கொண்ட கன்ட்ரோல் ஒலிகோவிலும் ஏறியிருந்தால் அளவைக் குறையுங்கள், அல்லது ஒலிகோவை உள்ளே கொண்டுபோகும் லிப்பிடை மாற்றுங்கள்.

செல் உயிரோடு இருக்கிறதா என்பதற்கு எம்.டி.டி. என்ற நிறச் சோதனை அல்லது நேரடி எண்ணிக்கை. செல் பாதியானால் வைரஸும் பாதியாகும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இதெல்லாம் சரியென்றால், டிரான்ஸ்ஃபெக்ட் செய்து 24 மணி கழித்து வைரஸ் ஊற்றலாம்.

8. வைரஸை அளத்தல்

பி.சி.ஆர். மட்டும் போதாது. வைரஸ் ஆர்.என்.ஏ. இருப்பதும், தொற்றக்கூடிய வைரஸ் இருப்பதும் ஒன்றல்ல. மேல் திரவத்தில் பிளாக் (வைரஸ் செல்களைக் கொன்று செல் விரிப்பில் உண்டாக்கும் ஓட்டை) எண்ணுங்கள். பி.எச்.கே.-21 மேல் நீர்த்த வைரஸை ஊற்றி, மீத்தைல் செல்லுலோஸ் மூடி, ஐந்து முதல் ஏழு நாள் பொறுத்து, ஃபார்மலினில் நிலைநிறுத்தி கிரிஸ்டல் வயலெட் பூசுங்கள். மீத்தைல் செல்லுலோஸ் தேன் மாதிரி இழுக்கும். பிப்பெட் முனையை அகலமாக வெட்டிக்கொண்டு, வெல்லின் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். நடுவில் விட்டால் செல் விரிப்பு அப்படியே கிழிந்து, ஏழாம் நாள் வரும் வெள்ளை ஓட்டையைப் பிளாக் என்று எண்ணிவிடுவீர்கள். பிளாக்கின் ஓரம் மங்கலாக, வட்டமாக இருக்கும். கிழிசலின் ஓரம் கூர்மையாக, சுருண்டு நிற்கும்.

நோயாளியிடமிருந்து எடுத்த டெங்கு வகைகள் சில ஒழுங்கான பிளாக் போடாது. அதற்கு டெங்கு புரதத்தைப் பிடிக்கும் 4ஜி2 ஆன்டிபாடி போட்டு, தொற்றிய செல் கூட்டங்களை எண்ணலாம்.

குறைந்தது எந்தக் கட்டத்தில் என்று பிரிக்க மூன்று சோதனைகள். செல்லையும் வைரஸையும் 4 டிகிரியில் வைத்தால் ஒட்டும், நுழையாது. அப்போது கழுவி அளந்தால் ஒட்டுவதில் மாற்றமா என்று தெரியும். செல்லுக்குள் எதிர் இழையை (வைரஸ் பெருகும்போது உண்டாகும் எதிர்நகலை) அளந்தால் பெருக்கத்தில் மாற்றமா என்று தெரியும். அதற்கு வாலில் அடையாள வரிசை ஒட்டிய பிரைமர் வேண்டும், இல்லையென்றால் நேர் இழையையும் சேர்த்தே எண்ணும். உள்ளே ஆர்.என்.ஏ. குறையாமல், வெளியே பிளாக் மட்டும் குறைந்தால் பிரச்சினை கூடு கட்டுவதிலோ வெளியேறுவதிலோ.

9. எப்படி நடக்கிறது என்று காட்டுதல்

முதல் பகுதியில் எழுதிய ஒரு வரியை இப்போது எடுங்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒரு ஜீனை அடக்குகிறது என்றால், அந்த ஜீனின் 3' பகுதியை (முடிவுப் பகுதியை) ஒளி தரும் நொதியான லூசிஃபெரேஸின் ஜீனுக்குப் பின்னால் ஒட்டி அளவு குறைகிறதா என்று பாருங்கள். பிறகு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் 2 முதல் 8 வரையான எழுத்துகள் பொருந்தும் இடத்தை மாற்றி, அந்தக் குறைவு காணாமல் போகிறதா என்று பாருங்கள். இதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த ஜீனைத் தனியாக அடக்கினாலும் வைரஸ் அதே பக்கம் போக வேண்டும்.

வைரஸ் இழையிலேயே ஒட்டுகிறது என்பவர்களுக்கு வேலை அதிகம். வைரஸில் அந்த இடத்தை மாற்ற வேண்டும், விளைவு போக வேண்டும். அதற்குப் பொருந்துமாறு மாற்றிய மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போட்டால் விளைவு திரும்பி வர வேண்டும். மிர்-122-ஐ நம்பவைத்தது இந்த இரட்டை மாற்றம்தான்.

புரதத்தைப் பிடித்து வைக்கும் நீள் ஆர்.என்.ஏ. என்றால், புரதத்தின் ஆன்டிபாடியால் இழுத்து ஆர்.என்.ஏ. கூட வருகிறதா என்று பார்ப்பது ஒரு பக்கம், ஆர்.என்.ஏ.வால் இழுத்து புரதம் வருகிறதா என்று பார்ப்பது மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது.

10. கணக்கும் நோட்டும்

ஒரே பிளேட்டில் மூன்று வெல் வைத்தால் அது மூன்று முறை அல்ல, ஒரு முறைதான். வேறு வேறு நாளில், வேறு பாசேஜில், புதிதாக உருக்கிய ஸ்டாக்கில் மூன்று முறை செய்யுங்கள். பிளாக் எண்ணிக்கையை மடக்கை அளவில் வரையுங்கள். பிளாக்கில் இரண்டு மடங்கு வித்தியாசம் நாளுக்கு நாளே வரக்கூடியது, அதை மட்டும் வைத்து எதையும் கட்டாதீர்கள். சி.டி.யில் ஒரு எண் வித்தியாசம் என்பதும் இரண்டு மடங்குதான்.

நோட்டில் ஸ்டாக்கின் தேதி, பாசேஜ் எண், ஒலிகோவின் வரிசை, கரண்ட் போன நேரம் எல்லாம் இருக்கட்டும். பட்டை வரைபடத்தில் ஒவ்வொரு முறையின் புள்ளியையும் தனியாகக் காட்டுங்கள். இரண்டாவது ஒலிகோவில் விளைவு வராவிட்டால் அந்தப் படத்தையும் கைடிடம் சேர்த்தே கொண்டுபோங்கள். மூன்றாவது ஒலிகோ ஆர்டர் செய்வதா, ஆர்.என்.ஏ.வையே மாற்றுவதா என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடலாம்.